கடற்பக்கக் கணக்கு

வடக்கே ஒரு வாய்க்கால்,
தெற்கே ஒரு வாய்க்கால்,
கிழக்கே வடக்கு வாய்க்காலின் முழங்கை.
மேற்கில் மட்டும் விரல் தயங்குகிறது:
முதலில் மரீன் டிரைவ், பிறகு தண்டவாளம்,
பிறகு கருங்கற்கள், பிறகுதான் கடல்.
எல்லை என்ற கட்டத்தில்
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.

வெள்ளவத்தை.
மணல் தோட்டம் என்று சிங்களத்தில் வைத்த பெயர்.
எங்கள் காதில் வெள்ளமாக விழுகிறது.
மணலைக் கொங்கிறீற் மூடிவிட்டது.
வெள்ளம் மட்டும் ஐப்பசி தவறாமல்
வாய்க்கால் கரை வீடுகளுக்கு வந்து
பாய்களை எண்ணிவிட்டுப் போகிறது.

நெசவாலைச் சங்குக்கு எழும்பியவர்களின் லயம்
இருந்த இடத்தைக் கேட்டேன்.
வாகனத் தரிப்பிடம் என்றான்
அங்கே பிறந்திருக்க முடியாத ஒரு பையன்.

மூன்று வாரமாக நடக்கிறேன்,
தோளில் பை, கையில் அரசாங்கத்தின் கண்ணாடிப் பலகை.
ஆறாம் மாடி பூட்டு: ஸ்காபரோ என்றார் காவலாளி.
ஐந்தாம் மாடி பூட்டு: பரிஸ்.
நான்காம் மாடிக்காரர் ஆடியில் வருவார்,
நல்லூர், கதிர்காமம், பல் வைத்தியர், திரும்புவார்.
ஆளில்லா வீடு என்று அழுத்தினேன்.
உள்ளே ஒரு குளிர்சாதனப் பெட்டி
உறுமிக்கொண்டிருந்தது.

தண்டவாளக் கடவையில் பியதிலக்க.
வீட்டில் எத்தனை பேர்?
"நானும் மனைவியும் மாத்தறைக் கடுகதியும்."

பஸ்மினா வீட்டில் எட்டுப் பேர்,
ஒன்பதாவது உள்ளிருந்து உதைக்கிறது.
வியாழனுக்குள் பிறந்தால் சேர்ப்பீங்களா
என்று கேட்கிறாள், ஏதோ சீட்டுப் போல.

லோரெட் கெல்லார்ட், பியானோ ஆசிரியை.
இனம்: பறங்கியர்.
என் பகுதியில் அந்தக் கட்டத்துக்கு
விழுந்த ஒரே அடையாளம்.
"வடிவாகப் போடு" என்றார்.

பிறகு, பதினான்கின் கீழ் மூன்று.
சங்கிலி மாட்டிய கதவு, இடுக்கில் ஒரு கண்,
கழுத்தில் அளவு நாடா.
"பட்டியலோட வந்தாக்களை எனக்குத் தெரியும்.
எண்பத்து மூன்றில ஒருத்தன் தாளைப் பாத்துத்தான்
எங்கட கேற்றைத் தேடிப் பிடிச்சவன்.
பிறகு பொலிஸ் பதிவு. அதுவும் தாள்."
இது தாளில்லை அக்கா, எல்லாம் இதுக்குள்ளதான் என்றேன்.
"அப்ப இன்னும் கெதியா வருவினம்."

ஒரு ரயில் போய் முடியும்வரை
இருவரும் பேசவில்லை.

"முதல் உம்மைப் பதிவம். பேர்?"
ஜெசிந்தா குரூஸ்.
"ஊர்?"
பேசாலை.
"எப்ப வந்தனீர்?"
பதினொரு வருசம்.
"ஏன் வந்தனீர்?"
வேலை என்றேன். அவள் எழுதவில்லை.
காத்திருந்தாள்.
எங்கள் கரையில் வள்ளம் ஏறும்,
இங்கே கரையில் வண்டி ஓடுகிறது,
வந்த முதல் வாரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்,
அவ்வளவுதான் நினைவு என்றேன்.
அதை எழுதினாள்.
"எப்ப போவீர்?"

எத்தனையோ வாசலில் நான் கேட்காத கேள்வி அது.
என் பலகையில் அதற்குக் கட்டமே இல்லை.
தெரியாது அக்கா.
"தெரியாது," என்று உரத்துச் சொல்லியபடியே எழுதி
சங்கிலியைக் கழற்றினாள்.

பத்மலோஜினி. பெண். ஐம்பத்தெட்டு.
தொழில்: தையல். வீட்டில் ஒருவர்.
தண்ணீர்: குழாய். கூரை: சீற்.
நான்கு நிமிடத்தில் முடிந்தது.
தேத்தண்ணி தரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

மாலையில் வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் நின்று
எல்லாவற்றையும் அனுப்பினேன்.
சிக்னல் இரண்டு முறை அறுந்து மூன்றாம் முறை போயிற்று.
மேற்கு எல்லை: கடல்
என்றே போட்டிருக்கிறேன், பிழையென்றால் திருத்தட்டும்.

என் விபரம் மட்டும் போகவில்லை.
அது அவளுடைய அளவுக் கொப்பியில் கிடக்கிறது,
யாரோ ஒருத்தியின் சட்டைக்குக் கீழே:
தோள் பதினாலு,
கைநீளம் ஒன்பதரை,
பேசாலை,
தெரியாது.